வியாழக்கிழமை ஆடிஷன்

நித்யா: வானொலி ஆடிஷனுக்குத் தேதி வந்துவிட்டது, வியாழக்கிழமை! பட்டியலில் எழுதிக் கொடுத்த எல்லாக் கீர்த்தனைகளையும் தினமும் ஒருமுறை பாடிவிடுகிறேன்.

பெரியம்மா: வேண்டாம் கண்ணு, தொண்டை கட்டிக்கொள்ளும். காலையில் 'ஆ' என்று நீட்டிப் பாடும் அகார சாதகம், அட தாள வர்ணம் இரண்டு வேகத்தில், அப்புறம் ஒரே ஒரு ராகம். அது போதும்.

அம்மா: அக்கா, பச்சைப் பட்டு எடுத்து வைத்திருக்கிறேன். பொருத்தமாக இருக்குமா?

தாத்தா: தேர்வாளர்கள் முகத்தையே பார்க்கப்போவதில்லை அம்மா, குரலை மட்டும்தான் கேட்பார்கள். கேஸ்கர் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த 1950களில் வந்த முறை இது. பெரிய வித்வான்களே அப்போது எதிர்த்தார்கள். எனக்கு என்னவோ அது நியாயமாகத்தான் படுகிறது. பருத்திப் புடவையே கட்டிக்கொள்ளட்டும், மூச்சு விட வசதி.

பெரியம்மா: நித்யா, நான் முதல் தடவை போனபோது காம்போதி ராகம் கேட்டார்கள். வீட்டில் அரைமணி நேரம் சாவகாசமாகப் பாடிப் பழக்கம். அங்கே மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் 'ஸ'வை, தொடுவதற்குள் "போதும், கீர்த்தனைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். பாதி ராகம் உள்ளேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் மனசு ஆறவில்லை. அதனால் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு ஆறே நிமிடத்தில் ஆலாபனையை, பாட்டு வரிகள் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவதை, முடித்துப் பழகு. முதல் பிடியிலேயே, அந்த முதல் ஸ்வரக் கோவையிலேயே, ராகம் தெரிந்துவிட வேண்டும்.

பெரியம்மா: நேற்று பாடி அனுப்பிய பைரவி ராகத்தில், நி த ப என்று இறங்கும் இடத்தில் தைவதம், அதாவது 'த', கொஞ்சம் ஏறி நிற்கிறது. ஏறும்போது சற்று உயர்ந்த சதுச்ருதி தைவதம், இறங்கும்போது தாழ்ந்த சுத்த தைவதம். அந்த ஓர் இடத்தை மட்டும் தம்பூராவோடு மெதுவாக இருபது தடவை பாடு.

சித்தப்பா: ஸ்டூடியோவில் எதிரொலியே இருக்காது. குரல் சின்னதாகிவிட்ட மாதிரித் தோன்றும். அதற்காகக் கத்திவிடாதே, மைக்கை விட்டு நகரவும் கூடாது. நம் வீட்டில் துணி அலமாரி இருக்கிற உள்ளறையில் பாடிப் பார், புரியும். சாயங்காலம் மிருதங்கத்தோடு வருகிறேன். அந்தந்த நேரத்துக் கற்பனையில் பாடும் கல்பனாஸ்வரம், பாட்டு வரி தொடங்கும் எடுப்புக்குச் சரியாக வந்து விழுகிறதா பார்ப்போம்.

நித்யா: உள்ளறையில் பாடினேன் சித்தப்பா. முதலில் பயமாகத்தான் இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. பெரியம்மா, பைரவி பதிவு அனுப்பியிருக்கிறேன், கேளுங்கள்.

பெரியம்மா: கேட்டேன். தைவதம் இப்போது இடத்தில் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவு நிறைவாக இருக்கிறது! ஆனால் ஆறு நிமிடம் நாற்பது விநாடி ஆகிறது. பஞ்சமத்தில், அதாவது 'ப'வில், நிற்கும் பிடி இரண்டு தடவை வருகிறது, ஒன்றை எடுத்துவிடு. சாப்பிட்டுவிட்டு மறுபடி அனுப்பு.