வாஷிங் மெஷின் தண்ணீர் விட்டால் பாத்ரூமில் செப்டிக் டேங்க் நாற்றம்: எங்கே பார்ப்பது?

பின்கட்டு:
வணக்கம். எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் கொல்லைப்பக்கம் இருக்கிறது. கொஞ்ச நாளாக உள் பாத்ரூமில் அழுகிய முட்டை நாற்றம். நாள் முழுக்க இல்லை. வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றும்போது தரைச் சல்லடைக்குள் 'குளுக் குளுக்' என்று சத்தம் வரும், அதன் பின்னாலேயே நாற்றமும் வரும். டேங்கைப் போன வருடம்தான் காலி செய்தோம். பினாயில் ஊற்றினேன், ஆசிட்டும் ஊற்றினேன். ஒரு மணி நேரம் மருந்து வாசனை, அப்புறம் பழைய கதைதான். டேங்கை மறுபடி காலி செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

தோட்டக்காரி:
எங்கள் வீட்டில் விருந்தினர் அறைப் பாத்ரூம் இப்படித்தான் நாறியது. புழங்காமல் கிடந்ததால் ட்ராப்பில் (சல்லடைக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) தண்ணீர் வற்றியிருந்தது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றியதும் சரியாகிவிட்டது. கூடவே ப்ளீச்சிங் பவுடரும் போட்டுப் பாருங்கள்.

பழைய பிளம்பர்:
முதலில் ஒன்று. ஆசிட் ஊற்றிய இடத்தில் ப்ளீச்சிங் பவுடர் போடவே போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அடைத்த பாத்ரூமில் அது ஆளையே சாய்த்துவிடும். இவை அளவுக்கு மீறிப் போனால் டேங்கில் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாவும் சாகும்.

தங்கச்சி சொன்னது உண்மைதான், ஆனால் அது வேறு கேஸ். வற்றிய ட்ராப் மெஷினுக்காகக் காத்திருக்காது, எந்நேரமும் நாறும். உங்களுக்கு சத்தம் வருகிறதே, அதுதான் துப்பு.

தரைச் சல்லடைக்கு அடியில் உள்ள ட்ராப்பில் சுமார் 50 மில்லிமீட்டர் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். டேங்க் வாயுவுக்கும் உங்கள் மூக்குக்கும் நடுவில் இருக்கும் ஒரே கதவு அதுதான். மெஷின் மொத்தத் தண்ணீரையும் பம்ப் வைத்து ஒரே மூச்சில் தள்ளும். குழாய் நிறைய ஓடும் தண்ணீர் தனக்குப் பின்னால் காற்றை இழுக்கும். வென்ட் பைப், அதாவது கழிவுக் குழாயிலிருந்து மாடிக்கு ஏறும் காற்றுக் குழாய், திறந்திருந்தால் காற்று மொட்டைமாடியிலிருந்து வரும். அது அடைத்திருந்தால், பக்கத்தில் இருக்கும் ட்ராப்பின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உங்கள் பாத்ரூம் வழியாக வரும். குளுக் குளுக் அதுதான். ட்ராப் காலியானதும் வாயு மேலே ஏறுகிறது.

உறுதிப்படுத்த, மெஷின் தண்ணீர் விட்டு முடித்ததும் டார்ச் அடித்து ட்ராப்பைப் பாருங்கள். தண்ணீர் இறங்கியிருந்தால் மாடிக்குப் போய் வென்ட் பைப் வாயைப் பாருங்கள். குருவிக்கூடு, காய்ந்த இலை, தூசி அப்பிய கொசுவலை, இவற்றில் ஒன்று இருக்கும். சிலர் மழைத்தண்ணீர் இறங்குமே என்று முழு மூடியே போட்டுவிடுவார்கள். நல்ல எண்ணம்தான், வீடு நாறும்.

மெஷின் ஓஸ் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். ட்ராப் இல்லாமல் நேராகக் கழிவுக் குழாயில் செருகியிருந்தால், ஓஸைச் சுற்றியுள்ள இடைவெளியிலேயே வாயு வந்துகொண்டிருக்கும்.

இதெல்லாம் பார்க்காமல் டேங்கைக் காலி செய்வது வீண் செலவு.

பின்கட்டு:
அண்ணா, வென்ட் பைப் வாயில் கட்டியிருந்த வலை தூசியும் சிலந்திக்கூடுமாகக் கம்பளி மாதிரி ஆகியிருந்தது. எடுத்துவிட்டேன். சத்தம் நின்றுவிட்டது. ஆனால் கம்மோடு பக்கம் மட்டும் லேசாக வாடை இருக்கிறது. டேங்க் மூடியைத் திறந்து உள்ளே பார்க்கட்டுமா?

பழைய பிளம்பர்:
வேண்டாம் தம்பி. டேங்கில் இருப்பது ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும். முதலாவது காற்றில் 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்குக்குத் தெரியும், ஆனால் 100 பிபிஎம்மைத் தொட்டால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் இல்லையே என்று குனிந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. மீத்தேன் தீப்பிடிக்கும், அதனால் பக்கத்தில் பீடி, லைட்டர் எதுவும் கூடாது. மூடியைத் திறக்காமல், அதன் விளிம்பிலும் பூச்சிலும் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கம்மோடைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் அடியில் உள்ள சீல் போயிருக்கிறது. கழற்றிப் புது சீல் வைத்துத்தான் உட்கார வைக்க வேண்டும். சுற்றி வெள்ளை சிமென்ட் பூசினால் கொஞ்ச நாள்தான் தாங்கும், அதற்குள் கசிவு தரைக்கு அடியில் பரவியிருக்கும். அசையவில்லை என்றால் பின்பக்க இணைப்பைச் சுற்றி பிளாஸ்டிக் தாளை டேப் போட்டு இறுக்கி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் தாளைப் பிரித்ததும் குப்பென்று அடித்தால் அந்த இணைப்பில்தான் கசிவு.

தோட்டக்காரி:
அந்த வலையைத் திரும்பக் கட்ட வேண்டாமா? இல்லாவிட்டால் கொசு வருமே?

பழைய பிளம்பர்:
கட்டத்தான் வேண்டும். டேங்கில் கொசு முட்டையிடும். துருப்பிடிக்காத வலையாகக் கட்டி, வருடத்துக்கு ஒருமுறை, இலையுதிர்வு முடிந்ததும் ஏறித் தட்டிவிடுங்கள்.