ரூட்டரில் டிஎன்எஸ் மாற்றியும் சில மாணவர் கணினிகளில் தடுத்த தளங்கள் திறக்கின்றன

லேப்பொறுப்பு:
வணக்கம். மன்னார்குடி பக்கம், அரசு உதவிபெறும் பள்ளி. லேபில் 22 கணினி. 16இல் உபுண்டு, 6இல் விண்டோஸ் 10 ஹோம். ஃபைபர் மோடம், அதற்கடுத்து மைக்ரோடிக் ஹெக்ஸ் ரூட்டர். கணினிகளுக்குத் தானாக ஐபி முகவரி தரும் டிஎச்சிபியில், டிஎன்எஸ்ஸாக (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது) ஆபாசத் தளங்களைத் தடுக்கும் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3 கொடுத்திருக்கிறது. முதல் வாரம் தடை வேலை செய்தது. இப்போது நாலைந்து கணினிகளில் ஆபாசத் தளம்கூடத் திறக்கிறது. யூடியூபை முழுக்க அடைக்க வழியில்லை, கல்வித் தொலைக்காட்சிப் பாடம் அதில்தான் போடுகிறோம். எங்கே ஓட்டை?

மடை53:
டிஎச்சிபியில் கொடுப்பதைக் கணினி மதித்தால்தான் உண்டு. லேப் ஸ்விட்ச் 2ஆம் போர்ட், ஆசிரியர் அறை 3ஆம் போர்ட் எனப் பிரித்து, இரண்டுக்கும் வேறு ஐபி வரிசை கொடுங்கள். 2ஆம் போர்ட்டிலிருந்து வரும் யுடிபி 53, டிசிபி 53 (டிஎன்எஸ் கேள்விகள் போகும் வழி) இரண்டையும் நேட்டில் (முகவரி மாற்றும் விதிகளில்) ரீடைரக்ட் செய்து ரூட்டருக்கே திருப்புங்கள். ரூட்டரின் டிஎன்எஸ் 1.1.1.3, 1.0.0.3. பியர் டிஎன்எஸ்ஸை அணைக்காவிட்டால் இணைப்பு நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸும் கலந்துவிடும். ரிமோட் ரிக்வெஸ்ட்டை (பிற கணினிகளின் டிஎன்எஸ் கேள்வியை ரூட்டர் ஏற்பது) அனுமதித்த கையோடு வெளிப்பக்கம் 53ஐ அடைத்துவிடுங்கள். மோடத்திலிருந்து நேராக ஸ்விட்சுக்கு ஒரு கேபிள் போனாலும் இத்தனையும் வீண்.

கரந்தை_லினக்ஸ்:
மேலே சொன்னது அவசியம். ஆனால் நாலைந்து கணினி மட்டும் என்றால் எனக்குச் சந்தேகம் பிரவுசர் மேல்தான். அந்தக் கணினியில் டெர்மினலைத் திறந்து, தடுத்த தளத்தின் பெயரை என்எஸ்லுக்கப்பில் (டிஎன்எஸ் தரும் பதிலைக் காட்டும் கட்டளை) கொடுங்கள். 0.0.0.0 (தடை இருக்கிறது என்று பொருள்) வந்தும் பிரவுசரில் தளம் திறந்தால், பிரவுசரே டிஎன்எஸ் கேள்வியை மறையாக்கி அனுப்பும் டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்ஸை யாரோ போட்டிருக்கிறார்கள், அல்லது விபிஎன் எக்ஸ்டென்ஷன். முதலாவது, சாதாரண இணையத் தளங்கள் போகும் 443 வழியே போவதால் 53 விதி அதைத் தொடாது. இரண்டுக்கும் அட்மின் பாஸ்வேர்டு தேவையில்லை. மாணவர் கணக்கே போதும்.

பயர்பாக்சின் பாலிசி ஃபைலில் டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்ஸை அணைத்து லாக் செய்யுங்கள். குரோமிலும் பாலிசி உண்டு. விண்டோஸ் ஹோமில் குரூப் பாலிசி எடிட்டர் இல்லை, ரெஜிஸ்ட்ரியில்தான் எழுத வேண்டும். எக்ஸ்டென்ஷன் நிறுவுவதையும் அங்கேயே தடுங்கள். ரூட்டரில், மறையாக்கிய டிஎன்எஸ் போகும் இன்னொரு வழியான 853ஐயும் அடைத்துவிடுங்கள். மாணவர் கணக்குக்கு அட்மின் உரிமை கூடவே கூடாது. பென் டிரைவில் பூட் செய்தால் இது எல்லாமே போச்சு, எனவே பயாஸ் பாஸ்வேர்டும் வேண்டும்.

போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டால் உங்கள் ரூட்டருக்கே வேலையில்லை. உபுண்டுவில் இந்த டெதரிங்குக்கான ஆர்என்டிஐஎஸ் மாட்யூலை பிளாக்லிஸ்ட் செய்யலாம்.

மடை53:
யூடியூபுக்கு: ரூட்டரின் ஸ்டாட்டிக் டிஎன்எஸ்ஸில் யூடியூப் பெயர்களை, மொபைல் பெயரையும் சேர்த்து, 216.239.38.119க்குத் திருப்பினால் மிதமான கட்டுப்பாடு. 120 என்றால் கடுமையானது. 119இல் தொடங்கி, உங்கள் பாட வீடியோக்கள் ஓடுகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

நேர விதி (குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் தடை) வைத்தால், இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி கிளையன்ட் கட்டாயம். ஹெக்சில் கடிகார பேட்டரி கிடையாது. ஐப்பசி மழையில் கரண்ட் போய் வந்தால் நேரம் தப்பி, விதி கண்ட நேரத்தில் வேலை செய்யும். புது விதி போட்டதும் கனெக்‌ஷன் டேபிளைக் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் ஏற்கெனவே ஓடும் வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும்.