அக்கா மகன் பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கி ஆக வேண்டும் என்கிறான், சேர்க்கலாமா?

வேளச்சேரிக்காரன்:
அக்கா மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு படிக்கிறான். 46 கிலோ, 5 அடி 4 அங்குலம். கிண்டி ரேஸ் கோர்ஸ் பக்கத்திலேயே வளர்ந்தவன், குதிரை என்றால் உயிர். 2024-இல் அரசு அந்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகும் ஆசை விடவில்லை. எப்படிச் சேர்வது? வருமானம் நிலையாக வருமா? அக்காவுக்கு ஒரே பயம்.

காலைச் சவாரி:
பெங்களூரிலும் மைசூரிலும் ஜாக்கியாக இருந்தவன் நான். இப்போது விடியற்காலையில் பந்தயக் குதிரைகளுக்குப் பயிற்சி ஓட்டம் கொடுக்கிறேன். முதலில் ஒன்று சொல்லுங்கள், பையனின் அப்பா எவ்வளவு உயரம்? 46 கிலோ என்பது இன்றைய கணக்குதான். இந்தத் தொழிலில் பாதிப் பேரை வெளியே அனுப்புவது விபத்து இல்லை, தராசு.

பந்தயத்துக்கு முன் சேணத்தைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்க வேண்டும். குதிரை சுமக்க வேண்டியது 52 கிலோ என்று போட்டிருந்தால் ஆளும் சேணமும் சேர்ந்தே 52. குறைந்தால் ஈயம் வைத்துச் சரிக்கட்டலாம். கூடினால் அந்தச் சவாரி வேறு ஆளுக்குப் போய்விடும். ஜெயித்து வந்த பிறகும் எடை பார்ப்பார்கள். பந்தயத்துக்கு முந்தின நாள் நான் ஊறுகாய் தொட மாட்டேன், உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு ஓடி வியர்வையில் எடையை இறக்குவோம். அந்தச் சோர்வோடுதான் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், பக்கத்துக் குதிரை முழங்காலை உரச, உள்பக்கம் இடம் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உயரமானவர்களும் சாதித்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் பிகாட் 12 வயதில், 1948-இல் முதல் பந்தயத்தை ஜெயித்தார். அங்கே பெரிய பந்தயமான எப்சம் டெர்பியை 9 முறை வென்றார். ஜாக்கிகளில் நல்ல உயரம். அதற்காக வாழ்நாள் முழுக்க அரைப் பட்டினி. அவரை நினைத்தால் எனக்கு மரியாதையும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

சேரும் வழி: பெங்களூர் போன்ற ஊர்களில் பந்தயம் நடத்தும் டர்ஃப் கிளப்பே அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகும் ஜாக்கிகளுக்குப் பயிற்சி தருகிறது. அப்புறம் ஒரு ட்ரெய்னரிடம் லாயத்து வேலை, காலைச் சவாரி. அப்ரண்டிஸ்களுக்கு எடையில் சலுகை உண்டு, அவர்கள் ஏறினால் குதிரைக்குச் சுமை குறையும், அதனால் தொடக்கத்தில் குதிரை கிடைக்கும். அந்தச் சலுகை தீர்ந்ததும்தான் உண்மையான சோதனை. சவாரிக்கு ஒரு கட்டணம், ஜெயித்தால் பரிசில் பங்கு. குதிரை கிடைக்காத வாரம் கை காலிதான். தோள்பட்டை எலும்பு உடையாத ஜாக்கி அபூர்வம். ஓட்டத்தின் பின்னாலேயே ஆம்புலன்ஸ் வருவது சும்மா இல்லை. அக்காவிடம் இதை மறைக்காதீர்கள்.

மாம்பலம்:
ரேஸில் வீட்டை அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சூதாட்டத்துக்கா பிள்ளையை அனுப்புவது?

காலைச் சவாரி:
உங்கள் கோபம் நியாயம்தான். பணம் கட்டி அழிந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் ஜாக்கி பணம் கட்டக் கூடாது, கட்டினால் லைசென்ஸ் போய்விடும். குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று 1996-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

கோட்டூர்புரம்:
பெண்களும் வந்திருக்கிறார்கள். நம் சென்னை ரூபா சிங் நூற்றுக்கணக்கான பந்தயங்களை வென்றவர்.

வேளச்சேரிக்காரன்:
நன்றி ஐயா. அவன் அப்பா 5 அடி 10.

காலைச் சவாரி:
அப்படியென்றால் இப்போது எங்கும் சேர்க்க வேண்டாம். பத்தாவதை முடிக்கட்டும். விடுமுறையில் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் விடுங்கள், சவாரி மட்டுமில்லாமல் சாணி அள்ளுவது, குளம்பு சுத்தம் செய்வது எல்லாம் பழகட்டும். 17 வயதில் எடை 50-ஐத் தாண்டாமல் இருந்தால் பேசலாம். தாண்டினாலும் காலைப் பயிற்சி ஓட்டத்துக்கு அவ்வளவு கண்டிப்பு கிடையாது. லாடம் அடிக்க நல்ல கைகளுக்கு எல்லா ஊரிலும் தேவை இருக்கிறது. படிப்பு வந்தால் கால்நடை மருத்துவம். பெங்களூர் வந்தால் சொல்லுங்கள், பையனோடு நானே பேசுகிறேன்.