இணையத்தில் கண்ட சங்கப் பாடல் வரியை ஆய்வேட்டில் சேர்க்கும் முன்

நெறியாளர்:
குறுந்தொகை 40-ஐயே பாருங்கள். முகநூலில் பெரும்பாலும் சந்தி பிரித்து "செம்புலப் பெயல்நீர்" என்று வரும். உ.வே.சா. பதிப்பில் (1937) "பெயனீர்". பிரித்ததை எழுதிவிட்டு அடிக்குறிப்பில் உ.வே.சா. பெயரைப் போட்டால், ஆய்வாளர் பதிப்பைத் திறக்கவில்லை என்பது வாய்மொழித் தேர்வில் தெரிந்துவிடும். முகநூலில் வரி கிடைத்ததில் தவறே இல்லை. பாட்டெண்ணைப் பிடித்துப் பதிப்புக்குப் போங்கள். எண்ணே தராமல் "சங்கப் பாடல்" என்று மட்டும் சொல்லும் பதிவை நம்பவே வேண்டாம்.

புறநானூறு 192-இன் கதி இன்னும் மோசம். 13 அடியில் "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்ற முதல் அடி மட்டும்தான் ஊர் சுற்றுகிறது. நீரோட்டத்தில் போகும் புணைபோல உயிர் முறைவழியே போகும் என்ற நடுப்பகுதியை விட்டுவிட்டு, முதல் அடியை வைத்தே ஓர் இயல் முழுக்க எழுதிவிடுகிறார்கள்.

மின்னாக்கப் பணியாளர்:
ஐயா சொன்ன சந்திச் சிக்கல் தேடலிலும் உண்டு. முழு அடியைக் கொடுத்தால் கிடைக்காது. சந்தியால் மாறாத "செம்புல" போன்ற துண்டைக் கொடுங்கள். "ஔவையார்" பல பதிவுகளில் ஒ, ள என இரண்டு எழுத்தாகத் தட்டப்பட்டிருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் சிக்காது. இரண்டு விதமாகவும் தேடுங்கள். ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றுவது) செய்த பக்கத்தில் துணைக்கால் ரகரமாக மாறியிருக்கும்.

நூலகர்:
வலைப்பதிவை மேற்கோள் காட்டுவோர் முகவரியோடு நிறுத்திவிடுகிறார்கள். 2012-க்குப் பிந்தைய பல ஆய்வேடுகளில் கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாக்ஸ்பாட்டின் பிளாக்ஸ்பாட்.இன் முகவரிதான் இருக்கிறது. 2020-இல் அந்த டொமைன் கூகுளின் கையை விட்டுப் போனதால் இணைப்பு திறப்பதில்லை. கடைசியில் .இன் என்பதை .காம் ஆக்கினால், பதிவு நீக்கப்படாதவரை திறக்கும்.

மேற்கோள் காட்டும் அன்றே பக்கத்தை, இணையப் பக்கங்களின் நகலைக் காக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்து, அந்த முகவரியையும் பார்த்த நாளையும் சேர்த்து எழுதுங்கள். முகநூல் பதிவு அதில் பெரும்பாலும் சேராது. பதிவின் நேரத்தைச் சொடுக்கினால் நிலையான இணைப்பு வரும். அதோடு திரைப்பிடிப்பும் வேண்டும், பதிவைப் பிறகு திருத்திவிடலாம். நண்பர்களுக்கு மட்டும் எழுதியதென்றால் எழுதியவரிடம் அனுமதி கேளுங்கள்.

பின்னூட்டங்களை விட்டுவிடாதீர்கள். பாடபேதத்தை (ஒரே அடி சுவடிக்குச் சுவடி, பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுவதை) எடுத்துக்காட்டும் நல்ல திருத்தம் பல சமயம் அங்கேதான் கிடக்கிறது. அதைப் பதிவரின் கருத்தாகக் காட்டக் கூடாது. பின்னூட்டம் இட்டவர் பெயர், நாள், நேரத்தோடு தனியாகக் குறிக்க வேண்டும். நீளமான பின்னூட்ட வரிசை அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும், அதையும் தனியே சேமியுங்கள்.