வி.ஆர். ஹெட்செட்டுக்குக் குறைந்த விலையில் ஸ்ட்ராப்: மதுரைக்காரர்களின் அனுபவப் பகிர்வு

திருநகரிலிருந்து:

கண்ணை மறைத்து முகத்தில் மாட்டும் வி.ஆர். ஹெட்செட்டுக்கு எந்த ஸ்ட்ராப் (தலைப்பட்டை) நல்லது என்று கேட்பவர்களிடம் திருப்பிக் கேட்க வேண்டியது, வலி எங்கே என்பதுதான். கன்ன எலும்பிலா, நெற்றியிலா, பிடரியிலா, கழுத்திலா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. மெட்டா நிறுவனத்தின் ஹெட்செட்டுகளில் குவெஸ்ட் 2 எடை 503 கிராம், குவெஸ்ட் 3 எடை 515 கிராம், குவெஸ்ட் 3எஸ் எடை 514 கிராம். மூன்றுக்கும் பெட்டியில் வருவது துணி ஸ்ட்ராப். அந்த எடை முழுவதும் முகத்துக்கு முன்னால் தொங்குகிறது. அது கீழே சரியாமல் இருக்கப் பின்பட்டையை இறுக்குகிறோம். இறுக்க இறுக்கக் கன்னம் நசுங்குகிறது. பலரும் ஸ்ட்ராப்பைக் குறை சொல்வது இந்தக் கட்டத்தில்தான்.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மாட்டிக்கொண்டு, ஹெட்செட்டின் அடியை இரண்டு விரலால் லேசாகத் தாங்கிப் பிடியுங்கள். வலி உடனே குறைந்தால் காரணம் எடை; மேல்பட்டை தன் வேலையைச் செய்யவில்லை. குறையாவிட்டால் காரணம் இறுக்கம். பின்பட்டையைத் தளர்த்த வேண்டும்.

மாட்டும் வரிசையும் முக்கியம். எல்லாப் பட்டையையும் தளர்த்திவிட்டு, முதலில் பின்பகுதியைத் தலையின் பின்னால் துருத்தும் எலும்புக்குக் கீழே, பிடரிக் குழியில் உட்கார வையுங்கள். பிறகு முன்பகுதியை முகத்துக்கு இறக்குங்கள். பக்கப் பட்டையைப் படம் தெளிவாகும் வரை மட்டும் இழுங்கள். காதுக்கு முன்னால் உள்ள நெற்றிப்பொட்டுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். கடைசியாக மேல்பட்டையின் வெல்க்ரோவைப் பிரித்து, ஹெட்செட்டை ஒரு கையால் சற்றுத் தூக்கியபடி மறுபடி ஒட்டுங்கள். குனிந்து தரையைப் பாருங்கள். அப்போதும் சரிந்தால் பின்பட்டை எலும்புக்கு மேலே ஏறி நிற்கிறது என்று அர்த்தம். இதைச் சரியாகச் செய்தாலே பாதிப் பேருக்குப் புது ஸ்ட்ராப் தேவைப்படாது.

அனுப்பானடியிலிருந்து:

அண்ணன் சொன்னது சரி. அதையும் செஞ்சு பார்த்து வலி போகலைன்னா, வாங்கப் போறவங்களுக்கு ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, பின்னாடி டயல் வச்சுத் திருகுற வகை. பிடரியில ஒரு கிண்ணம் மாதிரி பேடு உட்காரும், ரெண்டு பக்கமும் கெட்டி பிளாஸ்டிக் கை வரும். இன்னொண்ணு நெத்தியில தாங்குற வகை, ஹாலோன்னு சொல்வாங்க. அதுல எடை முழுக்க நெத்திக்குப் போயிரும், ஹெட்செட் முகத்துல பட்டும் படாம தொங்கும்.

கன்னம்தான் வலிக்குதுன்னா ஹாலோ. கன்னப் பக்கம் சைனஸ் தொந்தரவு இருக்கிறவங்களுக்கும் அதுதான். நம்ம ஊரு சித்திரை, வைகாசி வெயிலுக்கும் அது நல்லது. முகத்துக்கும் ஃபோமுக்கும் நடுவுல காத்துப் போறதால லென்ஸ்ல ஆவி படியாது. ஆனா கீழே வெளிச்சம் உள்ள வரும். பகல்ல ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படம் பாக்குறவங்களுக்கு அது எரிச்சலா இருக்கும். குதிச்சு, குனிஞ்சு விளையாடுறவங்களுக்கு டயல் வகைதான் அசையாம நிக்கும். மல்லாந்து படுத்துக்கிட்டுப் படம் பாக்கணும்னா பின்னாடி கெட்டியா எதுவுமே இருக்கக் கூடாது. அதுக்குப் பெட்டியில வந்த துணி ஸ்ட்ராப்பே போதும், தூக்கிப் போட்டுராதீங்க.

வாங்குறப்ப மாடல் பேரைப் பாத்து வாங்குங்க. குவெஸ்ட் 2க்கு உள்ள ஸ்ட்ராப் குவெஸ்ட் 3ல ஏறாது. 3க்கு உள்ளது 3எஸ்ல ஏறும். ஆனா முகத்துல படுற ஃபோம் 3க்கும் 3எஸ்க்கும் வேற வேற. சேர்த்து வாங்குனா அதைத் தனியா பாத்துக்கங்க.

விலை குறைஞ்ச டயல் ஸ்ட்ராப் உடையுற இடம் ரெண்டே ரெண்டுதான். பக்கக் கை வளையுற இடத்துல முடி மாதிரி ஒரு விரிசல் விழும். இல்லாட்டி டயலுக்குள்ள இருக்கிற பல்லு தேஞ்சு, திருகத் திருக "டக் டக்"குனு நழுவும். ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்: டயலைத் தளர்த்தாம அப்படியே பின்னாடியிருந்து இழுத்துக் கழட்டுறது. தளர்த்திக் கழட்டுனா வருஷக்கணக்குல வரும். ஸ்ட்ராப்பைப் பிடிச்சு ஹெட்செட்டைத் தூக்காதீங்க. வெயில்ல நிக்கிற கார்ல விட்டுட்டுப் போகாதீங்க, பிளாஸ்டிக் சூட்டுல இளகி வளைஞ்சிரும்.

கையில வந்ததும் பாக்க வேண்டியது: பக்கக் கை ஹெட்செட்டோட சேர்ற இடத்துல ஆட்டம் இருக்கான்னு அசைச்சுப் பாருங்க. குவெஸ்ட்ல ஸ்பீக்கர் அந்தப் பக்கக் கையிலதான் இருக்கு. ஸ்ட்ராப்போட பிளாஸ்டிக் அந்தச் சத்தம் வர்ற ஓட்டையை மூடிருச்சுன்னா சத்தம் மந்தமா வரும், அதை உடனே திருப்பி அனுப்பிருங்க. பார்சல் பிரிக்கிறதுல இருந்து போன்ல வீடியோ எடுத்து வச்சுக்கிட்டா திருப்புறப்ப வாக்குவாதம் இருக்காது.

கே.கே. நகரிலிருந்து:

கன்ன வலி வேறு, கழுத்து வலி வேறு. கழுத்து வலிக்கு எல்லோரும் சொல்வது பின்னால் எடை சேர்ப்பது. அதன் கணக்கைத் தெரிந்துகொண்டு சேர்க்க வேண்டும்.

தலை காதுக்கு நேராக உள்ள அச்சில்தான் முன்னும் பின்னும் சாய்கிறது. ஹெட்செட்டின் எடை அந்த அச்சுக்கு ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் முன்னால் நிற்கிறது. பின்மண்டை அச்சிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர். 515 கிராமை முழுவதும் சமன் செய்யப் பின்னால் 650 கிராமுக்கு மேல் வைக்க வேண்டும். அப்போது கழுத்து சுமப்பது 1 கிலோவுக்கும் மேலே. துலாக்கோல் மாதிரி சமன் செய்ய நினைப்பவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். தேவை சமன் அல்ல, முன்பக்க இழுப்பைக் கொஞ்சம் குறைப்பது. 200 முதல் 250 கிராம் வரை போதும். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று ஏறத்தாழ அந்த எடைதான். எடைக்கு எடையும் ஆச்சு, சார்ஜுக்குச் சார்ஜும் ஆச்சு.

எடை சேர்ப்பதில் ஒரு கெடுதலும் உண்டு. தலையைச் சட்டென்று திருப்பும்போது பின்னால் உள்ள எடை தாமதமாக வரும், நின்ற பிறகும் ஒரு சின்ன இழுப்பு இருக்கும். உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு இது தெரியாது. தாளத்துக்கு ஏற்ப வெட்டும் விளையாட்டு, குத்துச்சண்டை விளையாடுபவருக்கு நன்றாகவே தெரியும். அவர்கள் 100 கிராமில் தொடங்கட்டும். சோதித்துப் பார்க்கப் பவர் பேங்க் வாங்க வேண்டியதில்லை. பழைய காலுறையில் தராசில் நிறுத்த அரிசியைப் போட்டு, பின்பட்டையில் கட்டி அரை மணி நேரம் விளையாடிப் பாருங்கள். எந்த எடை ஒத்துவருகிறதோ அதற்கேற்ற பவர் பேங்க் வாங்குங்கள்.

கேபிள் விஷயம்: குவெஸ்ட் 2, 3 இரண்டிலும் சார்ஜ் துளை இடப்பக்கம். எல் வடிவில் வளைந்த முனையுள்ள டைப்-சி கேபிள் வேண்டும். நேர் முனை கேபிள் தோளில், கையில் இடித்துத் துளையைத் தளர்த்திவிடும். நீளம் அரை மீட்டர் போதும். 5 வோல்ட் 2 ஆம்பியர் பவர் பேங்க், விளையாடும்போது சார்ஜை வேகமாக ஏற்றாது. குவெஸ்ட் 3க்கு 18 வாட் பி.டி. (வேகமாகச் சார்ஜ் ஏற்றும் வசதி) உள்ளதாகப் பாருங்கள்.

செல்லூரிலிருந்து:

கடையில் வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. துணி ஸ்ட்ராப்பைப் பை தைப்பவரிடம் கொடுத்து மேம்படுத்தலாம். ஜிப்பு, பள்ளிப் பை தைக்கும் எந்தக் கடையிலும் இந்தச் சாமான் இருக்கும்: 25 மில்லிமீட்டர் நைலான் பட்டை ஒன்றரை மீட்டர், நீளம் கூட்டிக் குறைக்கும் பிளாஸ்டிக் கொக்கி இரண்டு, 40 மில்லிமீட்டர் எலாஸ்டிக் அரை மீட்டர், வெல்க்ரோ ஒரு சாண்.

பின்பக்கம் ஒரே பட்டையாக இருப்பதை இரண்டாகப் பிரிப்பதுதான் வேலை. ஒன்று பிடரி எலும்புக்குக் கீழே, மற்றொன்று மேலே போக வேண்டும். நடுவே இடைவெளி நான்கு விரல். மேலே போகிற பட்டைக்கு எலாஸ்டிக் போடாதீர்கள். அது எடையைத் தாங்க வேண்டியது, இழுபட்டால் ஹெட்செட் துள்ளும். நைலான்தான் சரி. எலாஸ்டிக் கீழ்ப்பட்டைக்கு மட்டும். சேரும் இடங்களில் சதுரமாக நான்கு பக்கமும் அடித்து, நடுவில் பெருக்கல் குறி போலக் குறுக்குத் தையல் போடச் சொல்லுங்கள். ஒற்றைத் தையல் சில வாரத்தில் பிரியும். நைலான் பட்டையை வெட்டிய முனையைத் தீக்குச்சியில் காட்டி உருக்கி அடைக்காவிட்டால் நூல் நூலாகப் பிரிந்துகொண்டே வரும்.

பின்பேடுக்கு யோகா பாய் ஒரு துண்டு, 10 மில்லிமீட்டர் கனம், உள்ளங்கை அளவு. மேலே பழைய பனியன் துணியில் உறை தைத்து வெல்க்ரோவில் ஒட்டுங்கள். இரண்டு உறை இருந்தால் ஒன்று துவைத்துக் காயும்போது மற்றொன்று மாட்டலாம். கடை ஸ்ட்ராப்பில் வரும் ரெக்சின் உறை வியர்வையிலும் எண்ணெயிலும் செதில் செதிலாக உரிகிறது. அதன் மேலேயே பனியன் உறை போட்டுவிட்டால் உரிவது குறையும்.

மேலூரிலிருந்து:

எண்ணெயைப் பற்றி அண்ணன் சொன்னதால் நானும் சொல்கிறேன். இந்த ஸ்ட்ராப் செய்கிறவர்கள் யாரும் சடையை நினைத்துச் செய்வதில்லை. டயல் கிண்ணம் உட்காரும் இடமும் சடை தொடங்கும் இடமும் ஒன்று. சடைக்கு மேல் கிண்ணம் உட்கார்ந்தால் அது எலும்பைப் பிடிக்காது, ஆடிக்கொண்டே இருக்கும், இன்னும் இறுக்கச் சொல்லும். கிண்ணத்தின் நடுவில் திறப்பு உள்ள ஸ்ட்ராப் கிடைக்கிறது. முடியை அந்தத் திறப்பு வழியாக வெளியே எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் சடையைத் தாழ்வாக, கழுத்தோடு பின்னிக்கொள்ள வேண்டும். உச்சிக் கொண்டை என்றால் மேல்பட்டை கொண்டைக்கு முன்னால் போக வேண்டும், மேலே ஏறினால் வழுக்கும். பூ வைத்திருந்தால் எடுத்துவிட்டு மாட்டுங்கள் அக்கா, நசுங்கிய மல்லிகையின் சாறு பேடில் கறையாகும்.

தேங்காய் எண்ணெய் தேய்த்த அன்று பின்பேடு வழுக்கும். ஃபோம் எண்ணெயைக் குடித்தால் திரும்பக் கழுவி எடுக்க முடியாது, கொஞ்ச நாளில் பிசுபிசுத்து நாறும். வேறு வழியில்லை என்றால் தலைக்கு ஒரு பருத்தித் துண்டைக் கட்டிக்கொண்டு மாட்டுங்கள். சிலிக்கான் உறை முகத்துக்கு நல்லது, துடைத்தால் போதும். ஆனால் வேர்வையை உறிஞ்சாது, கண் ஓரமாக வழியும். அரை மணிக்கு ஒரு தரம் கழற்றித் துடைக்க வேண்டும்.

திருமங்கலத்திலிருந்து:

பையனுக்குப் பதினொரு வயசு, டயல் ஸ்ட்ராப்பைக் கடைசி வரை திருகினாலும் லூசாவே இருக்கு. என்ன செய்யலாம்?

அனுப்பானடியிலிருந்து:

தம்பி தலை சின்னது, டயல் அதுக்கு மேல போகாது. பின்கிண்ணத்துல செல்லூர் அண்ணன் சொன்ன யோகா பாயை ரெண்டு அடுக்கா, ரெண்டு சென்டிமீட்டர் கனம் வர்ற மாதிரி வெட்டி ஒட்டுங்க. அப்பவும் லூசா இருந்தா துணி ஸ்ட்ராப்தான் அவனுக்கு. பின்னாடி எடை சேர்க்கவே சேர்க்காதீங்க, வளர்ற கழுத்துக்கு இருக்கிற அரைக் கிலோவே அதிகம். மெட்டாவோட விதிப்படி 10 வயசுக்குக் கீழே போடவே கூடாது. குவெஸ்ட் 2, 3எஸ்ல லென்ஸ் இடைவெளி 58, 63, 68 மில்லிமீட்டர்னு மூணு நிலை இருக்கு. பையன் போடும்போது 58ல வச்சுப் பாருங்க. படம் மங்கலா இருக்குன்னுதான் சில நேரம் ஸ்ட்ராப்பை இறுக்கிக்கிட்டே போவாங்க.

கே.கே. நகரிலிருந்து:

ஒன்று விட்டுப்போயிற்று. வியர்த்த ஸ்ட்ராப்பைக் காயவைக்க ஹெட்செட்டோடு மொட்டை மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். லென்ஸ் வழியாக உள்ளே விழும் வெயில் ஒரு நிமிடத்துக்குள் திரையில் புள்ளி விழச் சுட்டுவிடும், அதற்குச் சரிசெய்தல் கிடையாது. பேடையும் உறையையும் கழற்றித் தனியாகக் காயப்போடுங்கள். ஹெட்செட் ஃபேனுக்கு அடியில், லென்ஸ் சுவரைப் பார்த்தபடி இருக்கட்டும்.

சிங்கப்பூரிலிருந்து, துபாயிலிருந்து சொந்தக்காரர் வழியாக பேட்டரி வைத்த ஸ்ட்ராப் வாங்கி வரச் சொல்பவர்கள், பேட்டரி தனியாகக் கழலும் மாடலா என்று முதலிலேயே கேளுங்கள். கழலும் பேட்டரி பவர் பேங்க் கணக்குதான். அதைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், செக்-இன் பெட்டியில் போட்டால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.