'தி ரிங்' ரீமேக்கை ஏன் இப்படித் திட்டுகிறார்கள்? (இரண்டு படத்தின் முடிவும் உள்ளே இருக்கிறது)

நிலாமுற்றம்:
2002-ல் வந்த அமெரிக்க 'தி ரிங்' எப்போதோ பார்த்த படம். அதன் மூலமான ஜப்பானிய 'ரிங்கு'வை (1998, ஹிடியோ நகாதா) போன வாரம்தான் பார்த்தேன். இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான், சபிக்கப்பட்ட ஒரு வீடியோவைப் பார்த்தவர்கள் 7 நாளில் செத்துப்போவார்கள், நாயகி அதன் காரணத்தைத் தேடிப் போகிறாள். நல்ல படம், மறுக்கவில்லை. ஆனால் யாரைக் கேட்டாலும் ஒரிஜினல் பக்கத்தில் ரீமேக் நிற்கவே முடியாது என்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோர் வெர்பின்ஸ்கி எடுத்ததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அந்தப் பாசி பிடித்த மாதிரியான நிறம், விடாத மழை, படகில் குதிரை மிரண்டு கடலில் பாயும் காட்சி, இதெல்லாம் ஜப்பான் படத்தில் கிடையாது. அங்கே நாயகியின் முன்னாள் கணவனுக்கு ஞானதிருஷ்டி இருக்கிறது, யாரையாவது தொட்டால் பழைய கதை கண்முன் ஓடுகிறது, அப்புறம் துப்பறிய என்ன மிச்சம்? முதலில் பார்த்த பாசத்தில் பேசுகிறேனா, இல்லை ரீமேக்கில் நிஜமாகவே சரக்கு இருக்கிறதா? படம் பார்க்காதவர்கள் இத்தோடு கிளம்பிவிடுங்கள்.

ஓட்டைக்குடை:
சரக்கு இருக்கிறது நண்பரே, பாசம் எல்லாம் இல்லை. ரீமேக்கில் அந்த வீடியோவே ஒரு வழக்குக் கட்டு மாதிரி. ஏணி, நாற்காலி, மரம், மலை உச்சியிலிருந்து குதிக்கும் பெண், செத்துக் கிடக்கும் குதிரைகள் என்று முதலில் சும்மா வந்துபோவதெல்லாம் பிறகு ஒவ்வொன்றாக நிஜத்தில் எதிர்ப்படும்போது வயிற்றைப் பிசைகிறது. நாயகியாக வரும் நவோமி வாட்ஸ் வீடியோவின் ஓரத்தில் மறைந்திருக்கும் கலங்கரை விளக்கத்தைக் கண்டுபிடித்து, அதை வைத்துத் தீவைப் பிடிப்பது சுத்தமான பத்திரிகைக்காரி வேலை. ஏன் சரியாக 7 நாள் என்பதற்கும் பதில் இருக்கிறது, பேயாக வரும் சிறுமி சமாரா கிணற்றுக்குள் உயிரோடு இருந்ததே 7 நாள்தான். ஜப்பான் படம் அதைச் சொல்வதே இல்லை. சொல்லாமல் விடுவதும் ஒரு அழகு என்று இப்போது யாராவது வருவார்கள், வரட்டும், ஆனால் காரணம் தெரிந்த பிறகும் பயம் குறையாமல் வைத்திருப்பது அதைவிடக் கஷ்டமான வேலை என்பது என் கட்சி. ரீமேக் என்றால் அதே காட்சிகளை வெள்ளைக்கார முகங்களை வைத்துத் திரும்ப எடுப்பது என்று நினைத்திருந்தால் இந்தப் படம் ஓடியிருக்காது. ஏறக்குறைய 5 கோடி டாலரில் எடுத்து உலகம் முழுக்க 25 கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது. 'தி கிரட்ஜ்', 'டார்க் வாட்டர்' என்று ஜப்பான் பேய்கள் வரிசையாக அமெரிக்கா போனதே இதன் புண்ணியத்தில்தான். அவற்றில் பாதிக்கு மேல் குப்பை, அது தனிக்கதை.

கடைசிவரிசை:
நான்தான் அந்த யாராவது. ஆனால் 'சொல்லாமல் விடுவது அழகு' என்று சொல்லப்போவதில்லை.

முதலில் ஒரு திருத்தம். ஜப்பான் படத்திலும் துப்பறிதல் உண்டு. வீடியோவின் சத்தத்துக்குள் ஒரு குரல் ஒளிந்திருக்கிறது, அது இசு ஓஷிமா தீவின் வட்டார வழக்கு என்று கண்டுபிடித்துத்தான் நாயகியும் முன்னாள் கணவனும் அங்கே போகிறார்கள். மிஹாரா எரிமலை இருக்கும் அதே தீவு, ஜப்பான் படத்துப் பேயான சதாகோவின் அம்மா அந்த எரிமலையில்தான் குதிக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரீமேக்கில் பேயின் கோபத்துக்கு என்ன காரணம்? குழந்தை இல்லாத தம்பதி, தத்துப்பிள்ளை, மனநல மருத்துவமனை, பொறுக்க முடியாமல் கிணற்றில் தள்ளும் அம்மா. எல்லாம் ஒரு குடும்பத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஜப்பான் படத்தில் கதை ஒரு மேடையில் ஆரம்பிக்கிறது. சதாகோவின் அம்மா ஷிசுகோ தன் சக்தியை எல்லோர் முன்னாலும் செய்து காட்டுகிறாள், கூடியிருக்கும் பத்திரிகைக்காரர்கள் எழுந்து மோசடி என்று கத்துகிறார்கள், கத்தியவர்களில் ஒருவன் அங்கேயே விழுந்து சாகிறான். இது வெறும் கற்பனையும் இல்லை. 1910-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் உளவியல் சொல்லிக்கொடுத்த டோமோகிச்சி ஃபுகுராய், சிசுகோ மிஃபுனே என்ற பெண்ணை வைத்து இப்படிப்பட்ட சோதனைகள் நடத்தினார். பத்திரிகைகள் பித்தலாட்டம் என்று எழுதின, அடுத்த வருஷமே அந்தப் பெண் விஷம் குடித்து இறந்துபோனாள். படத்து ஷிசுகோவிடம் அவள் சாயல் அப்படியே இருக்கிறது. இப்போது நாயகி ரெய்கோ யார் என்று யோசியுங்கள், தொலைக்காட்சி நிருபர்! எந்தக் கூட்டம் ஷிசுகோவைச் சாகடித்ததோ அதே தொழிலைச் செய்கிறவளுக்குத்தான் சாபம் வருகிறது, அதுவும் வீடியோவாக, டிவி வழியாக. ரீமேக் நாயகி ரேச்சலும் நிருபர்தான், ஆனால் அவள் வங்கி ஊழியராக இருந்தாலும் கதை அப்படியே ஓடும்.

அடுத்தது முடிவு. வீடியோவைப் பார்த்துவிட்ட மகன் பிழைக்க வேண்டுமானால் வீடியோவைப் பிரதி எடுத்து இன்னொருவருக்குக் காட்ட வேண்டும். ரீமேக்கில், இதை யார் பார்க்கப்போகிறார்களோ அவர்களுக்கு என்ன ஆகும் என்று பையன் கேட்கிறான், அம்மா பதில் சொல்லாமல் நிற்கிறாள், முடிந்தது. பலியாகப் போகிறவர் முகம் இல்லாத யாரோ. ஜப்பான் படத்தில் ரெய்கோ வீடியோ பிளேயரைக் காரில் போட்டுக்கொண்டு தன் அப்பாவுக்கு போன் செய்கிறாள், மகன் யோய்ச்சிக்காக ஓர் உதவி வேண்டும் என்கிறாள். பேரன் என்றால் தாத்தா மாட்டேன் என்பாரா? அவள் அதை நம்பித்தான் போகிறாள். இதை மாற்றிய ரீமேக்கை நான் நல்ல படம் என்று ஒத்துக்கொள்வேன், சமமான படம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பஞ்சுமிட்டாய்:
இவ்வளவு யோசித்தா பேய்ப்படம் பார்ப்பார்கள்? தாய்லாந்து 'ஷட்டர்' (2004) படத்தைத் தமிழில் 'சிவி' (2007) என்று எடுத்தார்கள், அமெரிக்காக்காரர்களும் 2008-ல் எடுத்தார்கள். அதற்கெல்லாம் இப்படி ஒரு பட்டிமன்றம் யாரும் நடத்தவில்லை. இரண்டு ரிங்கும் பயமாகத்தான் இருந்தது. டிவிக்குள்ளிருந்து வெளியே வருகிற காட்சி எதில் பெஸ்ட் என்று மட்டும் சொல்லுங்கள்.

நிலாமுற்றம்:
@கடைசிவரிசை தாத்தா விஷயம் பார்க்கும்போது எனக்கு உறைக்கவே இல்லை, அந்தக் கடைசி போன் அழைப்பை மறுபடி போட்டுப் பார்க்கிறேன். ஆனால் குதிரைக் காட்சியை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். பஞ்சுமிட்டாய் கேட்டதுதான் எனக்கும் கேள்வி.

ஓட்டைக்குடை:
மனசாட்சிப்படி சொன்னால் அந்தக் காட்சி ஜப்பான்தான். ரீமேக்கில் ஒரு பக்கம் நவோமி வாட்ஸ் காரில் பறந்து வருகிறார், இன்னொரு பக்கம் சமாரா டிவி புள்ளி மாதிரி மினுக்கி மினுக்கி நடக்கிறாள். காப்பாற்றிவிடுவாளா என்ற பரபரப்பு பயத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறது. நகாதா அப்படி எதுவும் வைக்கவில்லை. ஒரு ஆள், ஒரு அறை, தானாக எரியும் டிவி, கரகரவென்று ஒரு சத்தம். சதாகோவாக நடித்த ரியே இனோவைப் பின்னோக்கி நடக்கவிட்டு, அந்தப் படச்சுருளைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டியிருக்கிறார்கள். கிராஃபிக்ஸ் செலவே இல்லாமல், உடம்பு ஏதோ தப்பாக அசைகிறது என்று மட்டும் நமக்குத் தெரிகிறது. அப்புறம் நகமில்லாத அந்த விரல்கள், ஐயோ.

ஆனால் இந்த ஒரு காட்சிக்காக மொத்தப் படத்தையும் ஜப்பானுக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

கடைசிவரிசை:
எழுதிக் கொடுக்கவே வேண்டாம். @நிலாமுற்றம் அடுத்து அமெரிக்க 'ரிங் டூ' (2005) பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. ஒரிஜினல் எடுத்த நகாதாவையே கூட்டிப்போய் எடுத்த படம் அது. குதிரைக்குப் போட்டியாக மான் கூட்டம் ஒன்று வந்து காரை முட்டுகிறது. பார்த்துவிட்டு இங்கே வந்து யாரைத் திட்டலாம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.