கோசான் வீட்டைத் தேடிய கதை: பூர்வீகம் தேடியவர்களின் அனுபவங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து

பூர்வீகம் தேடியவர்கள் தங்கள் அனுபவத்தை இங்கே எழுதலாம் என்று தொடங்கியவன் நான் என்பதால் என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பின்னால் எழுதுங்கள்.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, தனுஷ்கோடித் துறையில் மூட்டை தூக்கியவர். சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வருகிறவர்கள் இறங்கி இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும் இடம் அது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊர் போயிற்று. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோன இரவு. எங்கள் வீட்டில் ஒரு தகரப்பெட்டி இருந்ததாம், அதற்குள்தான் எல்லாக் காகிதங்களும். பெட்டியும் போயிற்று, ஐயாவும் போய்விட்டார். அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது.

அப்பாவுக்குத் தெரிந்தவை மூன்று. ஐயாவின் பெயர். ஐயாவுக்கு ஒரு தம்பி இருந்தது. அந்தத் தம்பி தலைமன்னார் பக்கம் போய்த் திரும்பவில்லை என்பது. சின்ன ஐயாவின் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று தேடத்தான் நான் இறங்கினேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் வீண். காரணம், நான் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐயாவுக்குக் குலசாமியின் பெயர். அந்தப் பெயரைப் பாம்பன் ஏலக்கூடத்தில் நின்று உரக்கச் சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் வழக்கப்படி தாத்தா பெயர் பேரனுக்கு வரும் என்பதால் தகப்பன் பெயரைச் சேர்த்துச் சொன்னாலும் பயனில்லை. ஒரே இரண்டு பெயர்கள் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும்.

பிறகு பாம்பனில் கருவாடு விற்கும் ஓர் ஆத்தாவிடம் பேச்சுக் கொடுத்தேன். எண்பதைத் தாண்டியவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "பேர் கிடக்கட்டும் அப்பு, அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்?" என்றார். அங்கேயே அப்பாவுக்குப் போன் போட்டேன். சற்று யோசித்துவிட்டு, "கோசான் என்பார்கள். ஏதோ கேலி. அது எதற்கு உனக்கு?" என்றார்.

ஆத்தா தராசைக் கீழே வைத்தார். "கோசான் வீடா? தம்பிக்காரன் பேசாலையில் பெண் கட்டினானே, அந்த வீடா?"

பேசாலை மன்னார்த் தீவில் இருக்கும் ஊர். அறுபது ஆண்டுகள் எங்களுக்குத் தெரியாத சேதியைக் கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். கோசான் என்பது கேலியும் இல்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ஓடிய கப்பல்களில் ஒன்றின் பெயர் இர்வின், இன்னொன்று கோஷன். ஐயா எப்போதும் கோஷனுக்கே மூட்டை ஏற்றுவாராம். கப்பலின் பெயர் ஆளுக்கு ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயப் பிரபு ஒருவரின் பெயர் எங்கள் வீட்டுப் பட்டப்பெயரானது எனக்கு இன்றும் சிரிப்பாக இருக்கிறது.

மிச்சத்தைக் கடைசியில் எழுதுகிறேன்.

கீழக்கரையிலிருந்து

தங்கச்சிமடத்துக் காக்கா, அதாவது அண்ணன், எழுதியதைப் படித்ததும் என் நான்கு ஆண்டுகள் ஞாபகம் வந்தன. நான் தேடியது வாப்பாவின் வாப்பாவை. அவர் பிறந்த வீடு எது என்று தெருத் தெருவாகக் கேட்டேன். எல்லாரும் ஆளுக்கொரு வீட்டைக் காட்டினார்கள், ஒருவரும் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு மகளுக்குத்தான் எழுதப்படும். ஆகவே ஓர் ஆணுக்குப் பிறந்த வீடு ஒன்று, வாழ்ந்த வீடு ஒன்று. இரண்டாம் கல்யாணம் இருந்தால் இன்னொன்று. இதே ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது உறைக்க நான்கு ஆண்டுகள் ஆனது வெட்கம்தான். ஆண்வழியை விட்டுவிட்டு, வீடு எந்த உம்மாவிடமிருந்து எந்த மகளுக்குப் போனது என்று கேட்க ஆரம்பித்தேன். மூன்றே மாதத்தில் ஐந்து தலைமுறை கிடைத்தது.

அடுத்தது தஃப்தர், அதாவது பள்ளிவாசல் கல்யாணப் பதிவேடு. நிகாஹ் பதிவு ஹிஜ்ரி 1350 என்று இருந்தது. இப்போதைய வித்தியாசம் 578 என்பதால் அதைக் கூட்டி 1928 என்று குறித்துக்கொண்டேன். தவறு. ஹிஜ்ரி ஆண்டு பிறைக் கணக்கு, ஆண்டுக்குப் பதினொரு நாள் குறைவு. பின்னோக்கிப் போகப் போக வித்தியாசம் கூடும். 1350 தொடங்கியது 1931-இல். இந்த மூன்று ஆண்டுப் பிசகால் குடும்பக் கணக்கே குழம்பி, வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய பெட்டியில் கிடைத்த கடிதங்கள் அரபுத் தமிழில் இருந்தன. மொழி தமிழ், எழுத்து அரபு. வாசித்துத் தர ஓர் ஆலிம்சாவைத் தேடி அலைந்தேன். ஊரில் இல்லை என்றார்கள். கடிதங்களோடு வாடிப்போய்த் திரும்பினால், கட்டிலில் படுத்திருந்த உம்மம்மா, "கொண்டா இங்கே" என்று வாங்கி, கண்ணாடியைக்கூடப் போடாமல் வாசித்தார்.

கூடலூரிலிருந்து

நான் உங்கள் கரைக்காரன் இல்லை. அப்படி நினைத்துக்கொண்டு வந்து ஏமாந்தவன்.

எங்கள் குடும்பம் இலங்கையில் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்தது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இந்தியா ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன 5,25,000 பேரில் எங்கள் வீடும் சேர்த்தி. தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கினோம். பிறகு மலைக்கு அனுப்பினார்கள். அப்பாயி கடைசிவரை "ராமேஸ்வரம் கரை, ராமேஸ்வரம் கரை" என்று சொல்லிக்கொண்டிருந்ததால் எங்கள் பூர்வீகம் கடலோரம் என்றே நம்பினேன். திரும்பி வரும்போது கொடுத்த குடும்ப அட்டையிலும் சொந்த மாவட்டம் ராமநாதபுரம் என்று தெளிவாக இருந்தது. கிராமத்தின் பெயர் மட்டும் மடிப்பில் பாதி அழிந்துபோயிருந்தது.

இரண்டு நாள் மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம் என்று அலைந்தேன். தேவிபட்டினத்து டீக்கடைக்காரர் ஒருவர்தான் அட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எந்தக் காலத்து அட்டை? ராமநாதபுரம் அப்போது ஒன்றா?" என்றார். 1985-இல்தான் பழைய மாவட்டம் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று மூன்றாகப் பிரிந்தது. எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம், கண்மாய்க்கரைக் கிராமம். கடல் அங்கிருந்து வெகுதூரம். அப்பாயி சொன்ன கரை, திரும்பி வந்து கால் வைத்த கரை.

அந்த டீக்கடைக்காரர் என்னிடம் காசு வாங்கவில்லை. "மூன்று மாவட்டம் அலைய வேண்டியவர் நீங்கள், பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

தொண்டியிலிருந்து

எல்லாரும் நல்லவர்களையே சந்தித்திருக்கிறீர்கள், சந்தோஷம். எனக்கு வாய்த்தவர் வேறு மாதிரி. பங்காளி முறை என்று வந்தார். கொள்ளுத்தாத்தா பெயர், குலசாமி கோயில், பொங்கல் வைக்கும் மாதம் எல்லாம் சரியாகச் சொன்னார். சொன்னதெல்லாம் நானே முன்பு நாலு பேரிடம் கேட்டுத் திரிந்த சேதிகள் என்பது பிறகுதான் உறைத்தது. ஆறு மாதம் கழித்துத் தாய்ப்பத்திரத்தின் நகல் கேட்டார். அப்போது விழித்துக்கொண்டேன். பூர்வீகம் கேட்கும்போது ஊரைச் சொல்லுங்கள், பட்டப்பெயரைச் சொல்லுங்கள். சர்வே எண்ணை வாயிலேயே எடுக்காதீர்கள். எதையாவது ஒன்றைச் சொல்லாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான உறவுக்காரர் அதைத் தானாகச் சொல்வார்.

பழைய அடங்கலை, அதாவது கிராம நிலக்கணக்கை, பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் வருவது நிலவரிக் கணக்குக்கான பசலி ஆண்டு. 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி ஜூலையில் தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். தனுஷ்கோடிப் புயல் அடித்தது பசலி 1374-இல். பிறைக் கணக்கின் வம்பு இதில் இல்லை.

மீண்டும் தங்கச்சிமடத்திலிருந்து

தொண்டி அண்ணன் சொன்ன மாதிரி நானும் ஒன்றை மறைத்தே வைத்திருந்தேன், தெரிந்து செய்ததல்ல.

பேசாலை என்ற பெயர் கிடைத்ததும் மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கும் ஒருவரிடம் விசாரித்தேன். மன்னார்த் தீவுக்காரர். அவர் தன் அக்காவிடம் கேட்க, அக்கா கோயிலில் இன்னொருவரிடம் கேட்க, மூன்று வாரத்தில் ஓர் எண் வந்தது. பேசினேன். நான் யார் என்பதை மட்டும் சொன்னேன். கோசான் பேச்சை எடுக்கவில்லை. மறுமுனையில் இருந்தவர், "எங்கள் அப்பா தனுஷ்கோடி அண்ணனைப் பற்றிப் பேசுவார். கப்பல் பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள் என்பார்" என்றார். எந்தக் கப்பல் என்று கேட்டேன். அவருக்கு இர்வினா கோஷனா என்று சந்தேகம். எனக்கு அது போதுமாக இருந்தது.

சின்ன ஐயா அங்கே கத்தோலிக்கராகி, தேவாலயத்தில் கல்யாணம் செய்து, நான்கு பிள்ளைகள் பெற்று, சாகும்வரை புயலன்று அண்ணன் பிழைத்தாரா என்று தெரியாமலே இருந்திருக்கிறார்.

இப்போது வீட்டில் பெரிய தகராறு முறை சொல்லிக் கூப்பிடுவதில்தான். போனில் பேசியவர் அப்பாவுக்கு மூத்தவரானால் எனக்குப் பெரியப்பா, இளையவரானால் சித்தப்பா. அந்தப் புயல் மன்னாரையும் அடித்தது. அவருக்கும் அன்று ஒன்பது வயதாம். அப்பா மன்மத ஆண்டு ஆவணி, அதாவது 1955. "மூத்தவன் நான்தான்" என்று அப்பா அடித்துச் சொல்கிறார். அவரும் அங்கிருந்து அதையே சொல்கிறார். அவருடைய பிறப்புச் சான்று இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும்படி பங்குத் தந்தையிடம் கேட்டிருக்கிறார். பதில் வருகிறவரை நான் இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ளாமல், போனில் அவரை வெறுமனே "ஐயா" என்று கூப்பிட்டுச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.